யானைப்பாகன் தந்த பயறு

சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ளவன் கடல் கடந்து போகலாமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. போன இடத்தில் அந்தக் கட்டுப்பாட்டை என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள். துவாக்குடியில் இந்தக் கேள்வி என் வீட்டு வாசலுக்கு அடிக்கடி வரும். ஒரு பக்கம் என்.ஐ.டி., இன்னொரு பக்கம் பெல் தொழிற்சாலை. படிப்புக்குப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நிறைந்த ஊர் இது. நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். கொதிகலன் குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன். அந்த வேலைக்காகவே வெளிநாடுகளில் மாதக்கணக்கில் தங்கியவன். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காதவன். அதனால் “அவரைப் போய்க் கேளு” என்று யாராவது பிள்ளைகளை என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் குக்கரைப் பற்றியும் புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். அதற்கு அப்பால் ஒன்று சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன். வெளியூரில் ஒரு நியமத்தை நாம் தனியாகக் காப்பாற்றுவதில்லை. யாரோ ஒருவர் நமக்காக அதைச் சுமக்கிறார். அவர் யார் என்று பார்த்தால், நியமத்தில் எது நிற்கும், எது நிற்காது என்பது தெளிவாகிவிடும்.

உத்திர வீதியில் எங்கள் வீடு. அம்மா விடியற்காலையில் நீராடி, மடிப்புடவை கட்டிக்கொண்டு தளிகை பண்ணச் சமையலறைக்குள் போனால், பெருமாளுக்கு அமுது செய்விக்கும்வரை நாங்கள் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது. சாத்தமுதில், அதாவது ரசத்தில், உப்புச் சரியாக இருக்கிறதா என்று அம்மா வாயில் விட்டுப் பார்க்க மாட்டாள். “பெருமாள் இன்னும் சாப்பிடலையேடா” என்பாள். நுரை விளிம்பில் கூடி மேலே எழும்புகிற விதத்தைப் பார்த்தே இறக்குவாள். உப்புத் தப்பியதாக எனக்கு நினைவில்லை. வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய், முள்ளங்கி எதுவும் உள்ளே வராது. சிராத்த நாளில் இங்கிலீஷ் காய்கறியும் கிடையாது. இவை சட்டங்கள் என்று அன்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே எல்லாரும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தோம்.

எங்கள் வைணவ ஆசாரியர் ஸ்வாமி தேசிகன் இந்த விஷயத்துக்கென்றே ‘ஆகார நியமம்’ என்று 21 பாசுரங்கள் தமிழில் செய்திருக்கிறார். வேதாந்தத்தில் அத்தனை பெரிய நூல்கள் எழுதிய கை, எதை உண்ணலாம், எதைத் தள்ள வேண்டும் என்றும் உட்கார்ந்து எழுதியிருக்கிறது. அதை நான் ஒருநாளும் சிறிய வேலையாக எண்ணியதில்லை. மூன்று வேளை நடக்கிற காரியத்தைப் பற்றிப் பேசாத தத்துவம் எனக்கு எதற்கு?

இந்த நியமங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வரும் ஒரு வரிசை. உட்கொள்வது தூயதானால் உள்ளம் தூயதாகும், உள்ளம் தூயதானால் நினைவு நிலைக்கும், நினைவு நிலைத்தால் கட்டுகள் அவிழும் என்பது அதன் கருத்து. சங்கரர் இதற்கு உரை செய்யும்போது, கண்ணும் காதும் மற்ற பொறிகளும் உள்ளே வாங்குகிற எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், பழைய வாக்கியகாரரைப் பின்பற்றி, உண்ணும் சோற்றையே பொருளாகக் கொண்டார். உணவுக்கு மூன்று வகையில் குற்றம் வரும் என்றும் சொன்னார். பண்டத்தின் இயல்பால் வருவது ஒன்று, அது யாரிடமிருந்து வருகிறது என்பதால் வருவது ஒன்று, மயிர் விழுந்தது, எச்சில் பட்டது போன்ற காரணங்களால் வருவது ஒன்று. ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் பிடி தளர விரும்புகிறவர்கள் சங்கரரைத் துணைக்கு அழைப்பதைப் பார்க்கிறேன். “மனசு சுத்தமா இருந்தா போதும் மாமா, வயித்துக்குள்ள போறதுல என்ன இருக்கு?” சங்கரர் யாருக்கும் சலுகை தரவில்லை. வாய்க்கு இருந்த காவலைக் கண்ணுக்கும் காதுக்கும் நீட்டினார், சுமையைக் கூட்டினார். ராமானுஜரோ உடம்பை மதித்தார். வயிற்றில் விழுவது மனத்தைத் தொடும் என்பதை அவர் உவமையாகச் சொல்லவில்லை. நான் இருவரையும் விட மாட்டேன். ஆனால் அந்த மூன்று குற்றங்களில் நடுவில் இருப்பதுதான் என்னை வெகுகாலம் உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதே சாந்தோக்கியத்தின் முதல் அத்தியாயத்தில் உஷஸ்தி சாக்ராயணரின் கதை இருக்கிறது. வெளிநாடு போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். குரு நாட்டில் கல்மாரி பெய்து பயிரெல்லாம் அழிந்தது. உஷஸ்தி மனைவியோடு ஊர் ஊராக அலைந்து யானைப்பாகர் கிராமம் ஒன்றில் வந்து நிற்கிறார். ஒரு பாகன் மட்டமான பயற்றைத் தின்றுகொண்டிருக்கிறான். எனக்கும் கொடு என்கிறார். என் தட்டில் இருப்பது தவிர வேறு இல்லையே என்கிறான் அவன். அதிலேயே கொடு என்று வாங்கிக்கொள்கிறார். பாகன் குடிக்கத் தண்ணீரும் நீட்டுகிறான். அது எச்சில், வேண்டாம் என்கிறார். பயறு மட்டும் எச்சில் இல்லையா என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. இதைத் தின்னாவிட்டால் உயிர் போயிருக்கும், தண்ணீர் எனக்கு வேண்டிய இடத்தில் கிடைக்கும் என்று பதில் சொல்கிறார்.

பிரம்மசூத்திரம் மூன்றாம் அத்தியாயத்து நான்காம் பாதத்தில் இந்தக் கதையை மனத்தில் வைத்தே, உயிருக்கு ஆபத்து வரும்போது எந்த உணவுக்கும் அனுமதி உண்டு என்று தீர்மானிக்கிறது. நம்மவர்கள் ‘ஆபத்தர்மம்’ என்று ஒரே சொல்லில் தாண்டிவிடுகிற இடம் இது. நான் நின்று பார்ப்பது அந்தத் தண்ணீர்க் குவளையை. விதிவிலக்குக்கு அளவு உண்டு, அது ஆபத்தின் அளவு. பசிக்குப் பயறு வாங்கியவர் அதே கையோடு தண்ணீரையும் வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் வாங்கவில்லை. சக ஊழியர்கள் முன்னால் கூச்சமாக இருந்தது, தனியாகச் சமைக்க அலுப்பாக இருந்தது, கடை தூரம் என்பதெல்லாம் தண்ணீர்க் குவளைகள். அங்கே உயிர் போகவில்லை.

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. மிஞ்சிய பயற்றை உஷஸ்தி மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அவள் ஏற்கெனவே பிச்சை பெற்றிருந்தாள். இதை வாங்கிப் பத்திரமாக எடுத்து வைக்கிறாள். மறுநாள் காலை அதையே உண்டுவிட்டு அவர் அரசனின் வேள்விக்குப் போய், அங்கிருந்த பண்டிதர்களுக்கு அவர்கள் அறியாததைச் சொல்லிக்கொடுக்கிறார். பாகனும் மனைவியும் இல்லையென்றால் அந்த ஞானம் வழியில் பட்டினி கிடந்து செத்திருக்கும். உபநிடதம் உஷஸ்தியின் பெயரைச் சொல்கிறது. பாகனுக்குப் பெயரே இல்லை.

நம் காலத்தில் இந்தச் சோதனைக்குள் முழுதாக இறங்கியவர் கணிதமேதை, கும்பகோணத்து ராமானுஜன். 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். குடுமியை எடுத்தார்கள், கால்சட்டை மாட்டினார்கள், சாப்பாட்டை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கேம்பிரிட்ஜில் முதலில் கணித அறிஞர் நெவில் தம்பதியின் வீட்டில் இருந்தார். பிறகு டிரினிட்டி கல்லூரி அறையில் தாமே சமைத்தார். கல்லூரிப் பந்தியில் மற்றவர்களோடு உட்காரவில்லை. அவர் எப்போதும் தம் சோற்றைத் தாமே பொங்கினார், அதற்கு முன் உடை மாற்றிக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போனதில்லை என்று அங்கே அவரோடு பணியாற்றிய ஹார்டி எழுதியிருக்கிறார். அந்தக் கணிதப் பேராசிரியருக்கு அது ஒரு விநோதமாகப் பட்டிருக்கலாம். எனக்கு உத்திர வீதி நிலைப்படி தெரிகிறது. மடிப்புடவைக்குப் பதில் வேறொரு துணி, அவ்வளவுதான். தாயார் கோமளத்தம்மாள் ஊரிலிருந்து சமையல் சாமான்களைக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் போர் மூண்டது. காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு. 1917-இல் படுத்தார். பிறகு ஒவ்வொரு மருத்துவ விடுதியாக மாறினார். விடுதிச் சமையலோடு அவருக்கு ஓயாத போராட்டம்.

சைவம் அவரைக் கொன்றுவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலில் குடியிருந்த அமீபாத் தொற்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் யங் 1994-இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். போர்க்காலத்துக் குளிர் நாட்டில், தனியாக, நேரங்கெட்ட நேரத்தில், சரியான சாமான் இல்லாமல் சமைத்துச் சாப்பிட்டது உடம்பை வாட்டியிருக்கும், அதில் சந்தேகமில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது இறைச்சி அல்ல. அவருக்காகப் பொறுப்பாக ஒரு பிடி சோறு பொங்கிப்போட அங்கே ஒருவர் இல்லை.

ஹார்டி இன்னொரு கருத்தும் சொன்னார். ராமானுஜனின் ஆசாரம் பழக்கமே தவிர நம்பிக்கை அல்ல, எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மை என்று தம்மிடம் அவர் சொன்னதுண்டு என்று. ராமானுஜனைத் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் இதை மறுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தவறவிட்டதாக எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் “நீ நம்புகிறாயா?” என்று கேட்டதே கிடையாது. அம்மா கொடுத்ததை அம்மா இல்லாத இடத்திலும் விடாமல் இருப்பது ஒருவிதமான அன்பு. அதற்கு நம்பிக்கை என்ற சான்றிதழ் தேவைப்படவில்லை.

ராமானுஜன் 1919-இல் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. ராமேசுவரம் கூட்டிக்கொண்டு போய்ப் பிராயச்சித்தம் செய்விக்க வேண்டும் என்று தாயார் நினைத்திருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடல் கடந்தவர், பிராயச்சித்தமும் ஆகவில்லை என்பதால் ஆசாரமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. கேம்பிரிட்ஜில் சைவத்தை விடாமல் காத்தவர் அவர். அந்த உறவினர்கள் அவருடைய வாயையும் வயிற்றையும் பார்க்கவில்லை. எந்த மண்ணில் நின்றார், எவர் நடுவே இருந்தார் என்பதை மட்டும் பார்த்தார்கள். மூன்று குற்றங்களில் முதலாவது அவரிடம் இல்லவே இல்லை. இரண்டாவதை வைத்து அவரைத் தள்ளினார்கள்.

அவர் கப்பலேறுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன் அதே இங்கிலாந்தில், லண்டனில் காந்தி பட்டினி கிடந்தார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது பேசர்ஜி ஸ்வாமி என்ற ஜைனத் துறவி முன்னிலையில், இறைச்சி தொடமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்தவர். தங்கியிருந்த வீட்டுப் பெண்கள் இன்னும் ஓரிரண்டு துண்டு ரொட்டி தட்டில் வைப்பார்கள். ஒரு முழு ரொட்டியே தின்னும் பசி அவருக்கு. பிறகுதான் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவுக்கடையைக் கண்டுபிடித்தார். அங்கே விற்ற ஹென்றி சால்ட்டின் புத்தகத்தைப் படித்து, வாக்குக்காகச் சைவமாக இருந்தவர் மனம் ஒப்பிச் சைவரானார். முட்டை விஷயத்தில் நடந்தது இன்னும் எனக்கு முக்கியம். இறைச்சி என்றால் முட்டை சேராது என்று இங்கிலாந்தில் ஒரு கட்சி வாதாடியது. அதைக் கேட்டுக் கொஞ்ச நாள் சாப்பிட்டார். அப்புறம், வாக்கு வாங்கியவள் அம்மா, அவள் மனத்தில் என்ன பொருள் இருந்ததோ அதுதான் என்னைக் கட்டும் என்று நிறுத்திவிட்டார். கேக்கில் முட்டை கொஞ்சந்தானே, பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பைச் சத்து கண்ணுக்குத் தெரியாதே, ஜப்பானில் குழம்பு நீரில் மீன்சீவல் மணத்துக்குத்தானே என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் சட்டம் பேசுவதில்லை. யாருக்கு வாக்குக் கொடுத்தாய், அவர் என்ன நினைத்திருப்பார் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் பதில் அவர்களுக்கே தெரியும்.

எங்கள் தொழிலில் குழாயின் உட்பக்கம் விழுகிற முதல் பற்றை ‘ரூட்’ என்போம். மேலே அடுக்கடுக்காக எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாலும், யார் கண்ணுக்கும் படாத அந்த முதல் ஓட்டத்தில் குறை இருந்தால் அழுத்தம் ஏறும்போது குழாய் அங்கேதான் பிளக்கும். யாரும் பார்க்காத நாட்டில் காத்த நியமத்தை நான் அப்படித்தான் மதிக்கிறேன்.

ஆனால் நான் எப்படிக் காத்தேன்? மலேசியாவில், பேராக் கடற்கரையில் ஒரு மின்நிலைய வேலை. எனக்கும் என்னோடு வந்த ஃபிட்டர் ஒருவருக்கும் சேர்த்து ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். துவாக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரர். அவர் என்னை சார் என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். என் பாட்டனார் காலத்தில் அவருடைய ஆட்கள் எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடந்திருக்க முடியாது. அங்கே கடையில் கீரை வாங்கினாலும் பெலாச்சான் என்ற இறால் விழுது கலந்திருக்கும். எனக்கு ஷிஃப்ட் ஒழுங்கே கிடையாது. கொதிகலனில் அழுத்தச் சோதனை என்றால் விடிய விடிய நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாள் அவலைத் தயிரில் ஊறவைத்துத் தின்றதைப் பார்த்தார். மறுநாள் நான் வரும்போது சோறும் சாத்தமுதும் தயாராக இருந்தன.

“உள்ளி போடல சார், பூண்டும் போடல. பெருங்காயம் மட்டும். எச்சி பண்ணிப் பாக்கல, உப்பு எப்படின்னு நீங்கதான் சொல்லணும்.”

வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே தெரிந்துகொண்டார் என்றால், பெல் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குழாய் வேலைக்குப் போனபோது பார்த்தாராம். எனக்கென்று ஒரு பானையும் கரண்டியும் தனியாக வாங்கினார். தமக்கு மீன் குழம்பு வைக்கிற நாளில் அடுப்பைப் பின்கட்டு முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். துவாக்குடியிலிருந்து கொண்டுவந்த தினக் காலண்டரைக் கிழிக்கும்போது பார்த்துவைத்து, “நாளைக்கு ஏகாதசி சார், உலை வைக்கல, வாழைப்பழம் வாங்கி வச்சிருக்கேன்” என்பார். பெருமாளுக்கு மனத்தால் காட்டிவிட்டுத்தான் நான் இலையில் கை வைப்பேன். நான் கண்ணை மூடித் திறக்கும்வரை அவர் எதிரில் காத்திருப்பார், தம் தட்டைத் தொடமாட்டார்.

அவர் விடுப்பில் போன நாட்களில் என்னைக் காப்பாற்றியது ஒரு சீனப் பௌத்தக் கோயிலை ஒட்டிய சைவக் கடை. வெங்காயமும் பூண்டும் அந்தக் கடைக்குள் வராது. காரமணம் கொண்ட ஐந்து பண்டங்களை விலக்குவது அவர்கள் மரபு. கடைக்கார அம்மாளிடம் என் நியமத்தைச் சைகையில் விளக்க முயன்றேன். அவள் சிரித்துக்கொண்டே கல்லாவுக்குப் பின்னால் இருந்த போதிசத்துவர் படத்தைக் காட்டினாள். முதல் கிண்ணம் அங்கே வைத்திருந்தது. நாங்கள் மட்டுமே இப்படி என்று காவிரிக்கரையில் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

இப்போது அந்த நடுவிலிருந்த குற்றத்துக்கு வருகிறேன். யாரிடமிருந்து வருகிறது என்பது. திருடியவன் போடும் சோறு, பிறரை வதைத்துச் சேர்த்தவன் போடும் சோறு மனத்தைக் கெடுக்கும் என்றால் தலைவணங்குகிறேன். லஞ்சப் பணத்து விருந்தில் நான் கை நனைத்ததில்லை. மரபில் உதாரணம் சொல்லிக்கொண்டே போனபோது பிறப்பும் உள்ளே நுழைந்துவிட்டது. அதை என்னால் ஏற்க முடியாது. பேராக்கில் என் ஆசாரத்தை ஆசாரமாக வைத்திருந்தது அந்தத் தம்பியின் கை. அந்தக் கையைத் தீட்டு என்று சொன்னால் நான் காத்த நியமம் முழுவதும் பொய்யாகிவிடும்.

ராமானுஜரின் வாழ்க்கையே இதற்கு எனக்குத் துணை. காஞ்சியில் அந்தணரல்லாத பக்தர் திருக்கச்சி நம்பி உண்ட இலையில் மிஞ்சியதை உண்ண வேண்டும் என்று ஏங்கி அவரை வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜர் வீடு திரும்புவதற்குள் நம்பி வந்து உண்டுவிட்டுப் போய்விட்டார். மனைவி அந்த இடத்தை மெழுகி, தானும் நீராடி, வேறு தளிகை பண்ணி வைத்திருந்தாள். குருபரம்பரை இதை ராமானுஜரின் பெரிய துக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கு நீராடப் போகும்போது அந்தணச் சீடர் முதலியாண்டானின் தோளைப் பற்றிக்கொண்டு போவாராம், நீராடித் திரும்பும்போது தாழ்ந்ததாக எண்ணப்பட்ட குலத்தில் பிறந்த உறையூர் மல்லர் உறங்காவில்லி தாசரின் தோளைப் பற்றிக்கொண்டு வருவாராம். குளித்த பிறகு யாரைத் தொடலாம் என்று ஊர் எண்ணிக்கொண்டிருந்ததோ அதற்கு நேர் எதிராக. ஸ்ரீபாஷ்யம் எழுதியவரும் இவர்தான். உபநிடதத்தின் அந்த வரிக்கு உரை வேண்டுமென்றால் நான் இந்தத் தோளைத்தான் உரையாகக் கொள்வேன்.

என் சஷ்டியப்தபூர்த்திக்குத் தம்பியைக் குடும்பத்தோடு அழைத்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபம். அத்தை, அப்பாவின் தங்கை, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அவாளை எந்தப் பந்தியிலே உக்கார வெக்கப்போறே?”

“முதல் பந்தியிலே அத்தை. என் பக்கத்திலே.”

“அக்கரையிலே என்ன வேணா பண்ணியிருப்பே. இது ரங்கம்.”

“ரங்கம்னுதான் சொல்றேன் அத்தை. நம்ம பெருமாளே 48 வருஷம் ஊர்விட்டு ஊர் அலைஞ்சவர்.”

1323-இல் தில்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு அடியார்கள் தெற்கே ஓடினார்கள். உடன் போன ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் வழியிலேயே உயிரை விட்டார். மலையாளக் கரை, திருப்பதி, செஞ்சி என்று சுற்றி 1371-இல்தான் விஜயநகரத் தளபதி கோபணன் பெருமாளைத் திரும்ப எழுந்தருளப் பண்ணினான். நாள்தோறும் புதுப்பானையில் தளிகை கண்ட பெருமாள் காட்டில் இருந்தார். கோயிலுக்குள் இஸ்லாமியப் பெண்ணான துலுக்க நாச்சியாருக்கு இடம் கொடுத்து, அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் இன்றும் அமுது செய்கிறார். அவளுக்கு ஏற்றதைத் தம் அமுதில் சேர்த்துக்கொண்டவர் அவர். இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேன். அத்தைக்கு இது ஒன்றும் புதிதல்ல. ரொட்டிப் பிரசாதம் வாங்க வரிசையில் நின்றவள்தான். பதில் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டாள், அன்று சாப்பிடவில்லை. தம்பி முதல் பந்தியில் என் வலப்பக்கம் உட்கார்ந்தார். நான் இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷணம் செய்து முடிக்கும்வரை, பேராக்கில் இருந்தது போலவே, இலையில் கை வைக்காமல் இருந்தார். அத்தை இன்றுவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. பார்க்கும்போதெல்லாம் விவாதம் தொடர்கிறது. நான் விடுவதாகவும் இல்லை.

தம்பியின் மகள் இப்போது ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். பயணச்சீட்டு எடுக்க அப்பாவும் மகளும் வந்தார்கள். “எங்க வீட்ல மாடு, பன்னி சேக்கறதில்ல சார். அங்க கலந்துடுவாங்கன்னு இவ அம்மா பயப்படுறா” என்றார். விமான நிறுவனங்களின் சிறப்பு உணவுப் பட்டியலைத் திறந்து காட்டினேன். வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் வேண்டுமென்றால் ஜைன உணவு, விஜேஎம்எல். அதைத்தான் நான் கேட்டு வாங்குவேன். ஏவிஎம்எல் ஆசியச் சைவம், மசாலாவில் வெங்காயம் இருக்கும். எச்என்எம்எல் என்பதற்கு ‘இந்து உணவு’ என்று போட்டிருக்கும். சைவம் என்று நினைத்து அதைக் குறிக்கிறவர்கள் உண்டு, அதில் இறைச்சி வரும், மாடும் பன்றியும் இருக்காது. உங்களுக்குப் பொருத்தம் அதுதான் என்றேன். குறைந்தது ஒரு நாள் முன்னால், முடிந்தால் இரண்டு நாள் முன்னால் பதிவு செய்துவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

மகள் நாள்காட்டியைப் பார்த்தாள். பயணம் செப்டம்பர் கடைசியில், புரட்டாசிச் சனிக்கிழமை. அந்த மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் கவுச்சி இல்லை. “அப்பா, சைவமே போட்டுடலாம்” என்றாள். போகிற சீட்டுக்கு ஏவிஎம்எல்லும், அடுத்த கோடையில் திரும்பி வருகிற சீட்டுக்கு எச்என்எம்எல்லும் குறித்தோம்.